சாபம் எந்த வினைக்கு எழுவாய்?

எல்லாம் முன்பே விதிக்கப்பட்டுவிட்ட கதையில் எதற்காக அழ வேண்டும்? காவிய மிகுபுனைவைப் பாடமாக வைக்கும் இலக்கியத் துறைகளில் இக்கேள்வி ஏதேனும் ஒரு கருத்தரங்கில் எழுந்தே தீரும். கேட்பவர் பெரும்பாலும் கெட்டிக்காரர். அவருடைய கேள்விக்குள் இரண்டு முடிவுகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. விதி இருக்கும் இடத்தில் தன்விருப்புக்கு இடமில்லை, ஆகவே அங்கே யார்மீதும் இரங்கவோ சினக்கவோ காரணமில்லை என்பது ஒன்று. கண்ணீர் என்பது வாசிப்பின் மழலைப் பருவம், ஆய்வாளர் அதைக் கடந்து வந்தாக வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே பிழையான முடிவுகள். விதியும் தன்விருப்பும் பின்னிக் கிடக்கும் ஒரு கதையில், எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கோட்பாட்டைவிடத் துல்லியமாகப் பிரித்துக் காட்டுவது வாசகரின் உணர்ச்சிதான். அதற்கு ஜே. ஆர். ஆர். டோல்கீனின் தூரின் கதையைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

புனைவில் இல்லாத மனிதருக்காக நாம் ஏன் வருந்துகிறோம் என்ற கேள்வியை மெய்யியலாளர் காலின் ராட்ஃபோர்ட் 1975இல் எழுப்பினார். அவர் எடுத்துக்கொண்ட சான்று அன்னா கரீனினா. கட்டுரைத் தலைப்பிலேயே ‘விதி’ என்ற சொல் இருக்கிறது. ஆயினும் அன்னாவின் முடிவு உண்மையில் விதிக்கப்பட்டதா என்பது அவருடைய கவலையாக இருக்கவில்லை. மிகுபுனைவில் சிக்கல் இரட்டிப்பாகிறது. தூரின் என்று ஒருவன் இருந்ததில்லை. அதோடு, கதைக்குள்ளேயே அவன்மேல் ஒரு சாபம் விழுந்திருக்கிறது. அவன் அழிவான் என்பதை முதல் சில பக்கங்களிலேயே வாசகர் அறிந்துவிடுகிறார். இவ்வளவுக்குப் பிறகும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருக்கும் வாசகர்கள் உண்டு.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கம். டோல்கீன் இறந்த பின் அவர் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977இல் வெளியிட்ட ‘சில்மரில்லியன்’ நூலில் ஓர் இயலாகவும், 2007இல் ‘ஹூரினின் பிள்ளைகள்’ என்ற தனி நூலாகவும் இக்கதை வந்தது. மாபெரும் போரொன்றில் ஹூரின் என்னும் மனிதத் தலைவன் இருளின் அரசனான மோர்கொத்தால் சிறைபிடிக்கப்படுகிறான். மறைந்திருக்கும் எல்ஃப் நகரத்தின் இடத்தைச் சொல்ல மறுக்கிறான். மோர்கொத் அவனையும் அவன் மனைவி மோர்வெனையும் பிள்ளைகளையும் சபிக்கிறான். சபித்ததோடு நில்லாமல், மலை உச்சியில் ஒரு கல் இருக்கையில் ஹூரினைக் கட்டி அமர்த்துகிறான். அங்கிருந்து ஹூரின் தன் குடும்பத்தின் அழிவை மோர்கொத்தின் கண்களால் காண வேண்டும், அவன் செவிகளால் கேட்க வேண்டும். மகன் தூரின் எட்டு வயதில் தாயைப் பிரிந்து தோரியத் என்னும் எல்ஃப் நாட்டுக்கு அனுப்பப்படுகிறான். வீரனாக வளர்கிறான், போகுமிடமெல்லாம் பேரழிவு பின்தொடர்கிறது. தான் முன்பின் பார்த்திராத தங்கை நியெனோரை, அவள் நினைவிழந்து கிடந்த நிலையில் கண்டெடுத்து, யாரென்று அறியாமல் மணக்கிறான். உண்மை வெளிப்பட்டதும் இருவரும் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள்.

இப்படிச் சுருக்கினால் விதி மட்டுமே கண்ணில் படும். சுருக்கங்களின் இயல்பு அது. விரிவாகப் படிப்பவருக்கு வேறொன்று நேர்கிறது. தூரினைச் சுற்றி நிகழும் மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இது புலப்படும்.

முதலில் சயிரோஸ். தோரியத்தின் அவையில் தூரினையும் அவனுடைய குலப் பெண்களையும் இழிவாகப் பேசியவன். மறுநாள் காட்டில் அவனே தூரினைத் தாக்குகிறான். தூரின் அவனை வென்று, ஆடையைக் களைந்து, காட்டு வழியே விரட்டுகிறான். ஓடுகிறவன் ஓடைப் பிளவொன்றைத் தாண்ட முயன்று விழுந்து சாகிறான். இங்கே வாசகருக்குப் பெரிய துயரம் எதுவும் இல்லை. ஒரு சங்கடம் உண்டு, அவ்வளவுதான். சங்கடம் அடுத்த கட்டத்தில் எரிச்சலாக மாறுகிறது. மரத்திலிருந்து நடந்ததைப் பார்த்திருந்த நெல்லாஸ் என்னும் எல்ஃப் பெண் சாட்சி சொல்ல, அரசன் திங்கோல் தூரினை மன்னித்துவிடுகிறான். அந்த மன்னிப்பைச் சுமந்துகொண்டு நண்பன் பெலெக் காடெல்லாம் தேடி அவனைக் கண்டுபிடிக்கிறான். தூரினோ திரும்பிப் போக மறுக்கிறான். கதவு திறந்திருக்கிறது, உள்ளே வரச் சொல்லி ஆளும் வந்திருக்கிறது, தன்மானம் என்ற பெயரில் ஒரு பிடிவாதம் குறுக்கே நிற்கிறது. அந்தப் பக்கத்தில் சாபத்தின்மேல் பழியைப் போட எந்த வாசகருக்கும் மனம் வராது.

அடுத்தது பெலெக். ஓர்க்குகளிடம் சிறைப்பட்ட தூரினை இரவில் மீட்டு வருகிறான் இந்த நண்பன். தூக்கத்தில் இருக்கும் தூரினின் தளைகளை வெட்டும்போது வாள் நழுவிக் காலில் குத்துகிறது. இருட்டில் விழித்தவன், தன்மேல் குனிந்திருக்கும் உருவத்தையும் உருவிய வாளையும் பார்த்து, மீண்டும் வதைக்க வந்த பகைவன் என்று எண்ணி, வாளைப் பறித்துக் கொன்றுவிடுகிறான். மின்னல் வெட்டுகிறது. கீழே கிடப்பது யாரென்று தெரிகிறது. அதன்பின் தூரின் அழுவதுகூட இல்லை, கல்லாய் உறைந்துவிடுகிறான். நெடுந்தொலைவு கைப்பிடித்து நடத்திச் செல்லப்பட்டு, இவ்ரின் ஊற்றின் நீரைக் குடித்த பிறகே அவனுக்குக் கண்ணீர் வருகிறது. இங்கே வாசகரின் இரக்கத்தில் குற்றச்சாட்டின் சாயல்கூட இல்லை.

மூன்றாவது மரணம் ஃபின்துயிலாஸ். நார்கொத்ரோண்ட் அரசனின் மகள், தூரினைக் காதலித்தவள். நகரம் வீழ்கிறது. அவளைக் காப்பாற்று, உனக்கும் உன் விதிக்கும் நடுவே நிற்பவள் அவள் ஒருத்தியே என்று சாகும் தறுவாயில் குவிந்தோர் என்பவன் தூரினிடம் சொல்லியிருக்கிறான். ஆனால் கிளௌருங் என்னும் பறவா நாகம் தன் பார்வையால் தூரினை அசையவிடாமல் நிறுத்தி வைக்கிறது. சிறைபிடிக்கப்பட்டவர்கள் அவனைத் தாண்டி இழுத்துச் செல்லப்படுகிறார்கள். அவள் அவன் பெயரைச் சொல்லிக் கதறுகிறாள். இதுவரை தூரின் கட்டுண்டவன். பிறகு நாகம் கட்டை அவிழ்த்துவிடுகிறது. உன் தாயும் தங்கையும் துன்பத்தில் உழல்கிறார்கள், நீயோ இங்கே இளவரசனைப் போல வாழ்கிறாய் என்று குத்திக்காட்டுகிறது. இப்போது அவன் முன் இரண்டு பாதைகள்; தூரின் தாயைத் தேடி ஓடுகிறான். அங்கே தாயும் இல்லை, தங்கையும் இல்லை. அதற்குள் ஃபின்துயிலாஸ் மரத்தோடு சேர்த்து ஈட்டியால் குத்தப்பட்டு இறந்துவிட்டாள். இந்த இடத்தில் வாசகர் படும் வேதனைக்குப் பெயர் வைப்பது கடினம். இரக்கமும் பொறுமையின்மையும் கலந்த ஒன்று அது. தெய்வங்களின் பெயரால் வந்த எச்சரிக்கையை மீறி, இரகசிய நகரத்தின் வாயிலுக்கு எதிரே பாலம் கட்டச் செய்து, அதை இடிக்கவும் மறுத்தவன் தூரின்தான் என்பதும், அந்தப் பாலத்தின் வழியேதான் நாகம் உள்ளே வந்தது என்பதும் அப்போது நினைவுக்கு வந்து தொந்தரவு செய்யும்.

நியெனோரின் மரணத்தில் பொறுமையின்மைக்கும் இடமில்லை. நாகத்தின் மாயத்தால் தன் பெயரையும் மொழியையும் மறந்தவள் அவள். தன்னைக் கண்டெடுத்தவனை நேசித்தாள். நாகம் சாகும்போது மறதியும் நீங்குகிறது; வயிற்றில் பிள்ளையோடு ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாய்கிறாள். சாபம் என்ற சொல் முழு எடையோடு இறங்கும் இடம் கதையில் இது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

கடைசியாக பிராந்திர். கால் ஊனமுற்ற தலைவன். நியெனோரைச் சொல்லாமல் காதலித்தவன். அவள் இறந்த செய்தியையும், அவள் யார் என்ற உண்மையையும் தூரினிடம் கொண்டுவருபவன். தூரின் அவனுடைய ஊனத்தை ஏளனம் செய்து, பொய்யன் என்று பழித்து, வெட்டிச் சாய்க்கிறான். ஆயுதம் ஏந்திச் சண்டையிடாத ஒருவனை, உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக. வாசகர் இங்கே தூரினை வெறுக்கிறார். அடுத்த சில பக்கங்களில் அவனுக்காகவே நெஞ்சடைத்துப் போகப்போகிறார் என்பது வேறு. இந்தக் கணத்தில் வெறுக்கிறார்.

ஐந்து மரணங்களின்மேலும் விழுந்திருப்பது ஒரே சாபம். சாபமே எல்லாவற்றையும் செய்கிறதென்றால் உணர்ச்சியும் ஒரே நிறத்தில் இருந்திருக்க வேண்டும். சங்கடம், களங்கமற்ற இரக்கம், பொறுமையிழந்த வேதனை, மலைப்பு, வெறுப்பு என்று அது ஏன் பிரிகிறது? யாரும் கற்றுக்கொடுக்காமலே வாசகர் ஒவ்வொரு மரணத்திலும் வினைமுதலைத் தேடி, கிடைத்த அளவுக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொண்டே போகிறார் என்பதுதான் விடை.

தமிழில் இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கதையைப் படித்த ஒருவர் அதை இன்னொருவருக்குத் தமிழில் சொல்லும்போது எந்த வினைமுடிவைக் கையாள்வார் என்று கவனித்தால் போதும். சயிரோஸ் ‘விழுந்து செத்தான்’. பெலெக்கைத் தூரின் ‘கொன்றுவிட்டான்’. ஃபின்துயிலாஸைக் ‘காப்பாற்றாமல் போனான்’. கடுமையாகச் சொல்பவர் ‘காப்பாற்றாமல் விட்டான்’ என்பார். நியெனோரை ‘மணக்க நேர்ந்தது’. பிராந்திரை ‘வெட்டிப்போட்டான்’. பெலெக்கை ‘வெட்டிப்போட்டான்’ என்று சொல்லிப் பார்த்தால் நாக்கு கூசும். பிராந்திரைக் ‘கொல்ல நேர்ந்தது’ என்றால் கேட்பவர் முகம் சுளிப்பார். சொல்பவர் தூரினுக்கு வக்காலத்து வாங்குவதாகத் தோன்றும். ‘விடு’ என்னும் துணைவினை மீட்க முடியாமையையும் அதன் வருத்தத்தையும் ஏற்றுகிறது. ‘போடு’ செயலின் அலட்சியத்தைச் சுட்டுகிறது. ‘நேர்’ என்னும் வினையோ செய்தவனை எழுவாய் இடத்திலிருந்தே இறக்கி, நான்காம் வேற்றுமையில் ‘அவனுக்கு’ என்று ஓரமாக நிறுத்திவிடுகிறது. விதிக்கும் தன்விருப்புக்கும் இடையே ஒரு கோடு மட்டும் இருக்கிறது என்று எண்ணும் கோட்பாட்டாளருக்கு எதிரே, தமிழ் பேசுகிறவர் அன்றாடம் ஐந்தாறு படிநிலைகளைப் புழங்குகிறார். இவற்றுள் எதிலும் ‘சாபம் கொன்றது’ என்ற வாக்கியம் இயல்பாக வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சாபம் இக்கதையில் எந்த வினைக்கும் எழுவாயாக நிற்க மறுக்கிறது. (வினை என்ற சொல்லே இலக்கணத்தில் ஒரு சொல்வகையையும், அறவியலில் பயன் விளைக்கும் செயலையும் ஒருங்கே குறிப்பது தற்செயலோ என்னவோ.)

பி. எஃப். ஸ்ட்ராசன் 1962இல் வெளியிட்ட ‘சுதந்திரமும் மனக்கசப்பும்’ என்ற கட்டுரை இதற்கு நெருங்கிய உறவு. உலகம் முழுக்கக் காரண காரியத்தால் கட்டுண்டதா இல்லையா என்ற வழக்கு தீர்ந்த பிறகுதான் மனக்கசப்போ நன்றியோ மன்னிப்போ சாத்தியம் என்று யாரும் காத்திருப்பதில்லை என்றார் அவர். காலில் மிதித்தவன் தள்ளிவிடப்பட்டு மிதித்தானா, வேண்டுமென்று மிதித்தானா என்பதைப் பொறுத்தே மனம் கசக்கிறது அல்லது கசக்காமல் விடுகிறது. தூரினின் கதையைப் படிப்பவரும் மோர்கொத்தின் சாபத்துக்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்ற வழக்கைத் தீர்த்துக்கொண்டு அழத் தொடங்குவதில்லை.

அந்த வழக்கைத் தீர்க்க நூலும் உதவாது. சில்மரில்லியனின் படைப்புக் கதையின்படி உலகம் ஓர் இசையிலிருந்து பிறக்கிறது; மற்ற எல்லாவற்றுக்கும் அவ்விசையே விதி. மனிதருக்கு மட்டும் அதற்கு அப்பால் தம் வாழ்வை வகுத்துக்கொள்ளும் ஆற்றல் கொடையாக அளிக்கப்படுகிறது. தூரின் மனிதன். இன்னொன்றும் உண்டு: தூரின் வலிமை பெற்று வளர்ந்த ஒரு கட்டத்தில், தான் இட்ட சாபம் பலிக்காமல் போய்விடுமோ என்று மோர்கொத்தே அஞ்சுவதாகக் கதை சொல்கிறது. சாபமிட்டவனுக்கே இல்லாத உறுதி சில விமரிசகர்களுக்கு எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

தூரின் கதையின் வேர்களைத் தேடினாலும் இந்த இழுபறிதான் தென்படுகிறது. சிகுர்த், ஈடிபஸ், ஃபின்லாந்தின் குல்லெர்வோ ஆகிய மூவரின் கூறுகளும் தூரினில் கலந்திருப்பதை டோல்கீன் 1951இல் எழுதிய நெடுங்கடிதமொன்றில் ஏற்றுக்கொள்கிறார். இவர்களுள் குல்லெர்வோதான் நெருங்கியவன். எலியாஸ் லோன்ரோட் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து 1835இலும், விரித்து 1849இலும் வெளியிட்ட ‘காலேவாலா’வில் அவன் வருகிறான். அடிமையாக வளர்கிறான், அறியாமல் தங்கையோடு கூடுகிறான், அவள் ஆற்றில் பாய்கிறாள், அவன் தன் வாளிடம் கேட்டு, அது இசைய, அதன்மேல் விழுந்து சாகிறான். டோல்கீன் மாணவராக இருந்தபோதே, 1914 வாக்கில், இதைத் தன் போக்கில் மறுபடி எழுதத் தொடங்கினார். ஆனால் காலேவாலாவில் அவன் சாவைக் கேள்விப்பட்ட முதுபெரும் பாடகன் வைனாமோய்னென் விதியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பிள்ளையைக் கொடுமையில் வளர்த்தால் அது கோணலாகத்தான் வளரும் என்று வருங்காலப் பெற்றோருக்கு எச்சரிக்கை விடுக்கிறான். நாட்டார் காவியம் சொல்லும் காரணம் வளர்ப்பும் அடிமைத்தனமும்.

டோல்கீன் அந்த இடத்தில் சாபத்தை வைத்தார். அதே வேளையில் வளர்ப்பையும் எடுத்துவிடவில்லை. இதைத்தான் அவரை விதிவாதி என்று ஒதுக்குவோர் காணத் தவறுகிறார்கள். தூரினின் முதல் தங்கை லலாயித் மூன்று வயதில் கொள்ளைநோயில் இறக்கிறாள். சிரிப்பு என்று பொருள்படும் செல்லப்பெயர் அது. சாபம் பிறக்கும் முன்பே நிகழ்ந்த மரணம் அது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். தாய் மோர்வென் துயரத்தைப் பேச்சில் காட்டாதவள். மகனை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் வீட்டைவிட்டு வர மறுக்கிறாள். பிறர் தயவில் வாழ அவள் மனம் இடம் தரவில்லை. அதே செருக்குத்தான் பின்னாளில் திங்கோலின் மன்னிப்பைத் தூரின் மறுக்கும்போது தலை தூக்குகிறது. ‘அம்மாவைப் போல’ என்று வாசகர் தன்னையறியாமல் சொல்லிக்கொள்கிறார்; ‘சாபத்தினால்’ என்று அல்ல.

சொற்களின் வழியாகவும் சற்று நடந்து பார்க்கலாம். டோல்கீன் தொழிலால் மொழியறிஞர் என்பதால் அது வீண்போகாது. தூரின் அடிக்கடி பெயர் மாற்றிக்கொள்பவன். தீங்கிழைக்கப்பட்டவன் என்பது ஒரு பெயர். குருதிக்கறை படிந்தவன் என்பது மற்றொன்று. கடைசியாகச் சூட்டிக்கொள்வது ‘துரம்பார்’, விதியை ஆள்பவன். டோல்கீன் தாமே புனைந்த குவென்யா மொழியில் உலகைக் குறிக்கும் ‘அம்பர்’, விதியைக் குறிக்கும் ‘உம்பர்’ ஆகிய இரண்டையும் தம் பிற்காலக் குறிப்புகளில் ஒரே வேரிலிருந்து வருவித்தார். நிலைநிறுத்துதல், அமைத்தல் என்பது அவ்வேரின் பொருள். ‘விதியும் தன்விருப்பும்’ என்ற தலைப்பில் அக்குறிப்புகள் 2009இல் ‘டோல்கீன் ஸ்டடீஸ்’ ஆய்விதழில் வெளியாயின. அவற்றின்படி விதி என்பது ஏற்கெனவே அமைந்துவிட்ட உலக நிலைமைகள். அவற்றுக்கு நடுவே நோக்கத்தோடு ஒருவர் எடுக்கும் முடிவு விருப்பின் பாற்பட்டது. பில்போவின் கையில் மோதிரம் கிடைத்தது விதி. அதை அவன் விட்டுக்கொடுத்தது அப்படியல்ல.

ஆங்கில மூலத்தில் பெரும்பாலும் வரும் சொல் ‘டூம்’. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் தீர்ப்பு என்று பொருள், வேர்ப்பொருளோ ‘வைத்தல்’. நம் ‘விதி’யும் வடமொழியில் ‘வைத்தல்’ என்று பொருள்படும் ‘தா’ என்னும் வேரிலிருந்து வந்ததே. இரண்டும் இந்தோ-ஐரோப்பிய முன்மொழியின் ஒரே வேரின் கிளைகள். தமிழில் சந்திக்கும் விதி உண்டு, சாலைக்கும் விதி உண்டு. ‘ஊழ்’ இதற்குச் சற்று விலகிய சொல். முறைமை, முதிர்வு ஆகிய பொருள்கள் அதனுள் அடங்கியிருக்கின்றன, கனியும் மலரும் பருவமடைவதைப் போல. ஆகவே தூரினின் கதையைத் தமிழில் பேசுவோர் வழக்கமாகத் தாவும் ‘ஊழ்வினை’ என்ற சொல் இங்கே பொருந்தாது. ஊழ்வினை தன் செயலின் கனி. தூரினின்மேல் விழுந்ததோ தந்தையின் எதிரி இட்ட சாபம். இது நம் கர்மக் கொள்கைதானே என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவது இந்திய வகுப்பறைகளில் பழகிப்போன சோம்பல்.

இந்தப் பகுத்தறிவு டோல்கீனோடு முடிந்துபோவதில்லை. ராபர்ட் ஜோர்டன் 1990இல் தொடங்கி, அவர் 2007இல் இறந்த பின் பிராண்டன் சாண்டர்சன் நிறைவு செய்த ‘காலச் சக்கரம்’ தொடரில் முன்னறிவிப்புகள் மலிந்து கிடக்கின்றன. முன்னறிவித்தபடி நாயகன் ராண்ட் கண்ணாடி வாளைக் கைப்பற்றும் இடம் கிளர்ச்சி ஊட்டுவதுதான். ஆனால் மனத்தைப் பிசையும் இடம் பன்னிரண்டாம் நூலின் முடிவில் வருகிறது: உலகையே அழித்துவிடும் ஆற்றலைக் கையில் திரட்டிக்கொண்டு மலையுச்சியில் தனியே நிற்பவன், அழிக்காமல் விடுகிறான். சக்கரத்தின் சுழற்சி மாறவில்லை, அவன் மாறினான்.

இதெல்லாம் கதை வாசிப்பின் நுணுக்கம் மட்டும்தானா என்றால், இல்லை. கழிவுநீர்த் தொட்டியில் இறக்கப்பட்ட தொழிலாளர் இறக்கும்போது தமிழ் நாளேடுகள் எழுதும் வாசகம் பலருக்கும் மனப்பாடம்: ‘விஷவாயு தாக்கித் தொழிலாளர் பலி.’ அந்த வாக்கியத்தில் தாக்குவது வாயு. இறக்கிவிட்ட ஒப்பந்தக்காரருக்கு எந்த வேற்றுமையிலும் இடமில்லை. மனிதரை இவ்வேலையில் ஈடுபடுத்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்துவிட்டது, வாக்கியம் மாறவில்லை. சாபத்தை எழுவாயாக்கும் இலக்கணம் இதுதான். இந்தத் தலைப்பைப் படித்துவிட்டு ‘அந்தோ’ என்று கடந்துபோகிறவருக்கும், யார் இறக்கிவிட்டார்கள் என்று சினம் கொள்கிறவருக்கும் உள்ள வேறுபாடு அறிவின் வேறுபாடு; உணர்ச்சி மிகுதியின் வேறுபாடு அன்று. பிராந்திரின் சாவில் தூரினின்மேல் சினம் வராத வாசகர் ஒருவர் இருந்தால் கவலைப்பட வேண்டியது அவருடைய கோட்பாட்டைப் பற்றித்தான்.

கருத்தரங்கில் கேள்வி கேட்ட கெட்டிக்காரர் ஹூரினின் இருக்கையில் அமர்ந்திருக்கிறார் என்று சொல்லலாம். உயரத்திலிருந்து எல்லாம் தெரியும் இடம் அது. நிகழ்வு எதுவும் தப்பாது. ஆனால் தெரிவதெல்லாம் மோர்கொத் காட்டும் கோணத்தில். அங்கிருந்து பார்த்தால் சாபம் மட்டுமே வினைமுதல், மற்றவர்கள் எல்லாம் அதன் கருவிகள் அல்லது துரோகிகள். நெல்லாஸ் மரத்திலிருந்து இறங்கி வந்து சாட்சி சொன்னதோ, பெலெக் காடு காடாக அலைந்ததோ அந்தக் கோணத்தில் புலப்பட வாய்ப்பில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் மோர்கொத் ஹூரினை விடுவிக்கிறான். பிள்ளைகளின் நினைவுக்கல் அருகே மோர்வென் உட்கார்ந்திருக்கிறாள். நியெனோர் எப்படித் தூரினைக் கண்டடைந்தாள் என்று அவள் கேட்கிறாள். எல்லாவற்றையும் பார்த்தவன் பதில் சொல்வதில்லை. கதிர் சாயும் வரை கைப்பிடித்திருக்கிறான், அவள் இறந்துவிடுகிறாள். பிறகு அவன் தோரியத்துக்குப் போகிறான். அழிந்த நார்கொத்ரோண்டிலிருந்து எடுத்துவந்த பெறற்கரிய கழுத்தணியைத் திங்கோலின் காலடியில் வீசி, என் மனைவி மக்களை நீ காத்த அழகுக்கு இதுவே கூலி என்று ஏளனம் செய்கிறான். திங்கோல் பொறுத்துக்கொள்கிறான். அரசி மெலியன்தான் பேசுகிறாள்: நீ காண்பது மோர்கொத்தின் கண் கொண்டு, உன் மகன் இங்கே அன்போடு வளர்க்கப்பட்டான், உன் மனைவியும் மகளும் இங்கிருந்து போனது எங்கள் விருப்பத்தால் அன்று. நடந்தவற்றில் ஒன்றுகூட மாறவில்லை. யார் எதைச் செய்தார்கள் என்பது மட்டும் ஹூரினின் மனத்தில் இடம் மாறுகிறது. அவன் வெகுநேரம் அவள் கண்களைப் பார்த்தபடி நிற்கிறான். பின்பு குனிந்து, தான் வீசியெறிந்த அணியைக் கையில் எடுத்து, எல்லாம் இழந்த ஒருவனின் பரிசாக ஏற்றுக்கொள்ளும்படி திங்கோலிடம் நீட்டுகிறான்.